அப்பா பேர்ல ஒரு மீட்டர்

மே 6, செவ்வாய்

காலை ஒம்பது மணிக்கே மாடிப்படி கைப்பிடியத் தொட முடியல. எங்க ஆஸ்பத்திரி லேப்ல ஏசி நாலு நாளா ரிப்பேர். ரத்தம் வெக்கிற ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுது. அதைத் தொறக்கறப்பல்லாம் யாராவது ஒருத்தர் பக்கத்துல வந்து நிக்கறாங்க.

சாயங்காலம் EB ரீடிங் எடுக்க ஆள் வந்தார். போன தடவைக்கு இப்ப ஜாஸ்திம்மா என்றார். ஜாஸ்திதான். தீட்டு நின்னதுலேர்ந்து உடம்பு எரியுது, மேல் ரூம்ல ஏசி இல்லாம படுக்க முடியல. இதை அவர்கிட்ட சொல்ல முடியுமா.

முடிவு பண்ணிட்டேன். மாடியில சோலார். ஐம்பத்தாறு வயசுல எனக்குன்னு ஒண்ணு.

வாங்க வேண்டியது: உளுந்து, பினாயில், கால் வலி தைலம்.

மே 9, வெள்ளி

மூணு கம்பெனிக்காரங்க கொட்டேஷன் வந்துடுச்சு. மேசையில பரப்பி, வேண்டாத லேப் ஃபாரம் பின்பக்கத்துல கோடு போட்டு எழுதினேன்.

நீலக்கலர் – ஜெயங்கொண்டத்துக்காரர் சொன்னது. பழைய மாடல். மூணு கிலோவாட்டுக்கு ஒம்பது பேனல் வேணும். தண்ணி டேங்க் இடிக்கும். வேண்டாம்.

கறுப்பு – ஆறு பேனல் போதும். உள்ள இருக்கற செல்லைப் பாதிப் பாதியா வெட்டியிருக்காங்க. ஒரு பாதியில நிழல் விழுந்தாலும் மறு பாதி ஓடுமாம். பக்கத்து வீட்டு தென்னை மூணு மணிக்கு மேல நம்ம மாடிக்கு வந்துடும், அதனால இது முக்கியம்.

கறுப்பு, ரெண்டு பக்கமும் கண்ணாடி – பெரம்பலூர் செல்வம் சொன்னது. தரையிலேர்ந்து எதிரடிக்கிற வெளிச்சத்தையும் எடுத்துக்கும். இதுவும் ஆறுதான்.

ஒரு விஷயம் மூணு பேருமே வாயத் தொறந்து சொல்லல. பேனல் சூடாக சூடாக கரண்ட் கொறையும். பொடி எழுத்துல போட்டிருக்கு, நானா கண்டுபிடிச்சேன். மூணாவதுல அந்தக் கொறைச்சல் கம்மி. அரியலூர் வெயிலுக்கு இதைத்தான் மொதல்ல பாக்கணும். இத்தன வருஷமா அடுத்தவங்க ரிப்போர்ட்ல ஒரு புள்ளி தப்பா இருக்கான்னு பாத்த கண்ணு. என்னை ஏமாத்த முடியாது.

வாரண்ட்டி இருபத்தஞ்சு வருஷம். எனக்கு எண்பத்தொண்ணு ஆகியிருக்கும். அன்னிக்கு யார் கம்ப்ளைண்ட் எழுதறது.

மே 11, ஞாயிறு

ஆலத்தியூர் போயிட்டு வந்தேன். செல்வம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டுக் குடுத்த வீடு ஒண்ணு அங்க இருக்கு, நேர்லயே பாருங்க மேடம்னார். விக்கிறவன் தானா வந்து பாருன்னு சொல்றது ஆச்சரியம்.

பஸ்ல ஜன்னல் சீட்டு. சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணு. இறங்கறப்ப புடவை மடிப்பெல்லாம் வெள்ளை.

வீட்டுக்காரர் மாணிக்கம். சிமெண்ட் ஆலையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், எழுபது இருக்கும். மாடிக்குக் கூட்டிட்டுப் போனார். கீழ் வரிசை பேனல் ஓரத்துல விரல் தடிமனுக்கு ஒரு பொருக்கு. ஆலைத் தூசி விழுது, விடியக்காலை பனி அதைக் குழைக்குது, வெயில் காய வெச்சு இறுக்கிடுது. சுரண்டினா கண்ணாடியில கீறல் விழும்.

எந்த பேனல் நல்லதுன்னு கேட்டேன். "எதுவா இருந்தா என்னம்மா. வாரா வாரம் யாரு மேல ஏறிக் கழுவறதுன்னு மொதல்ல கேளுங்க" என்றார். ரெண்டு பிள்ளைங்களும் சிங்கப்பூர்ல. அப்பாவுக்குன்னு அங்கேர்ந்தே போன் பண்ணி மாட்ட வெச்சதாம். இவர் விடியறதுக்குள்ள ஹோஸைத் தூக்கிட்டு ஏறறார். போன மாசம் வழுக்கி முட்டிய ஒடச்சுக்கப் பாத்தாராம். பிள்ளைங்க போன்ல எத்தன யூனிட் வந்துச்சுன்னு பாத்துட்டு, கொறைஞ்சா கேக்கறாங்களாம், ஏம்ப்பா கழுவலியான்னு.

அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரல. அவங்க வீட்டம்மா மோர் குடுத்தாங்க, உப்பு ஜாஸ்தி.

எனக்கு அந்தத் தொல்லை இல்ல. கழுவப்போறதும் நான், கரண்ட்டும் எனக்கு. கேள்வி கேக்க யாரும் இல்ல.

மே 14, புதன்

அரை நாள் லீவு போட்டு பெரம்பலூர். செல்வம் கடை புது பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்கற தூரம். ஒல்லியான ஆள், நாப்பது இருக்கும், பேசறப்ப கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே இருக்கார். ரெண்டு மாதிரியையும் வெயில்ல வெச்சு மீட்டர் மாட்டிக் காட்டினார். கீழ வெள்ளை ஷீட் விரிச்சதும் ரெண்டு பக்கக் கண்ணாடியோட நம்பர் ஏறிச்சு. என் கண்ணால பாத்தேன். அதுதான். மாடித் தரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிச்சுடலாம்னு பேப்பர்ல சேத்துக்கிட்டேன்.

சந்தோஷமா இருந்துச்சு. எழுதி வெக்கிறேன், பின்னால நம்ப மாட்டேன்.

ஃபாரம் எடுத்தார். சர்வீஸ் யார் பேர்லங்கன்னு கேட்டார். அப்பா பேர்லன்னேன். அப்பாவ ஒருநாள் கையெழுத்துக்கு அழைச்சிட்டு வர முடியுமான்னார். செத்து நாலு வருஷம் ஆச்சுன்னேன்.

பேனாவ மூடி வெச்சுட்டார். கரண்ட் கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் விண்ணப்பம் போடணுமாம். மொதல்ல பேர் மாத்திட்டு வாங்க, மாடல் எங்க போயிடப் போவுது என்றார்.

திரும்பறப்ப பஸ்ல இடம் இல்ல. நின்னுக்கிட்டே வந்தேன்.

மே 16, வெள்ளி

EB ஆபீஸ். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசிச்சு. வாரிசு சான்றிதழப் பாத்துச்சு. அம்மா முந்தியே போயாச்சு. ரெண்டே பேரு: நான், தம்பி குமார். எனக்கு ஆட்சேபணை இல்லன்னு தம்பி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா போதும்மா, அவ்வளவுதான் வேலைன்னுச்சு.

அவ்வளவுதான் வேலை.

அப்பா ஏழு வருஷம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் படுத்திருந்தார். மலம் எடுத்தது நான். குமார் திருச்சியிலேர்ந்து மாசம் ஒரு தடவை ஆப்பிள் வாங்கிட்டு வருவான். அப்பாவால கடிக்க முடியாது. அவன் போன பின்னால நான் துருவி ஊட்டுவேன். பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்ட அப்பா சொல்லுவார், பையன் வாங்கிட்டு வந்ததுன்னு.

இதையெல்லாம் இன்னிக்கு எதுக்கு எழுதறேன். ஒரு கையெழுத்துதான்.

மே 18, ஞாயிறு

குமாருக்கு போன் போட்டேன். நல்லா பேசினான். அக்கா நீயே இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியான்னு ரெண்டு தடவை கேட்டான். எந்த மாடல், எதுக்கு அது, செல்வம் நம்பர், எல்லாம் கேட்டான். நான் எழுதின பக்கங்களப் போட்டோ புடிச்சு அனுப்பினேன். பிரமாதம்க்கான்னு பதில். அடுத்த ஞாயிறு வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கான்.

தேவையில்லாம நேத்து முழுக்க எரிஞ்சுக்கிட்டிருந்தேன். என் புத்தி.

மே 25, ஞாயிறு

வந்தாங்க. குமாரும் வித்யாவும். பையன் ஹாஸ்டல்ல.

கறிக்குழம்பு, முட்டை, ரசம். காலையில ஆறு மணிக்கே ஆரம்பிச்சேன். லெட்டரை டைப் பண்ணி, பேனாவோட ஹால் மேசையில வெச்சிருந்தேன்.

வந்ததும் மாடிக்குப் போனான். மொதல் மாடி நான் PF-லேர்ந்து எடுத்துக் கட்டினது. அதுக்கு மேல மொட்டை மாடியில நின்னு கீழ் வீடு, மேல் வீடு, பக்கத்து மனை எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்தான். காலால அடி வெச்சு அளந்தான். பேனலுக்குத்தான் அளக்கறான்னு நெனச்சு, டேங்க் இந்தப் பக்கம் வரணும்னு நான் விளக்கிக்கிட்டிருந்தேன். மடச்சி.

சாப்பிடறப்ப சொன்னான், தலை நிமிராமலே. "பேர் மாத்தறதுன்னு ஆயிடுச்சு, என் பேருக்கே மாத்திடலாமேக்கா. வூடு பின்னால எனக்குத்தான வரப்போவுது. நீ இருக்கற வரைக்கும் இரு, உன்னை யாரு போவச் சொல்றா."

வித்யா அப்பளத்தை ஒடச்சுக்கிட்டிருந்தா.

நான் என்ன சொன்னேன்? ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்.

கையெழுத்துப் போடல. லெட்டர் மேல குழம்புப் பாத்திரத்தோட மூடிய வெச்சிருந்தாங்க யாரோ. வட்டமா எண்ணெய். மூணு மணிக்குக் கெளம்பிட்டாங்க. மிச்சக் கறிய டப்பாவுல போட்டுக் குடுத்தேன், அதையும் நான்தான் குடுத்தேன்.

மே 28, புதன்

சொல்லியிருக்க வேண்டியது:

– இருக்கற வரைக்கும்னா என்னடா, நான் வாடகைக்கா இருக்கேன்.

– மாடி யார் கட்டினது.

– அப்பா படுக்கையில இருந்தப்ப எங்க போயிருந்த.

– சாப்பிட்டது போதும், எழுந்திரு.

இதுல கடைசிதான் நல்லா இருக்கு. குளிக்கறப்ப சத்தமா சொல்லிப் பாத்தேன்.

கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல தாலியக் கழட்டி வெச்சுட்டு, ஒரு சூட்கேஸோட நான் திரும்பி வந்தப்ப எனக்கு இருபத்தாறு வயசு. அன்னிக்கு அப்பா சொன்னதும் இதேதான், இரும்மா. அன்னிக்கு அதைக் கேட்டு அழுதேன். அடைக்கலம்னு நெனச்சேன். இத்தன வருஷம் சம்பளத்தை இந்த வீட்டுக்கே குடுத்துக்கிட்டு, ஒரு தடவைகூட யார் பேர்ல எது இருக்குன்னு கேட்டதில்ல. அந்த 'இரும்மா'வுக்குள்ளயே உக்காந்திருந்திருக்கேன்.

இன்னிக்கு அக்னி நட்சத்திரம் முடியுதாம். வெயிலுக்கு அது தெரியல.

ஜூன் 4, புதன்

குமாருக்கு மூணு தடவை போன். ரெண்டு தடவை எடுக்கல. மூணாவது தடவை மீட்டிங்ல இருக்கேன்க்கா, பாக்கலாம்க்கா.

லேப்ல ஒரு சாம்பிள்ல பேர் மாத்தி ஒட்டிட்டேன். இருபத்தெட்டு வருஷத்துல மொதல் தடவை. நல்லவேளை ரிப்போர்ட் போறதுக்குள்ள பாத்துட்டேன்.

ஜூன் 12, வியாழன்

லேசா தூறல். மண் வாசனைகூட வரல, புழுக்கம்தான்.

மத்தியானம் செல்வம் போன். குரல்ல சந்தோஷம். மேடம், திருச்சியில உங்க தம்பி வூட்டு வேலை நேத்தோட முடிஞ்சுதுங்க, உங்களுக்குத்தான் மொதல்ல நன்றி சொல்லணும் என்றார். எனக்கு ஒண்ணும் புரியல. எந்த வேலைன்னேன்.

ரெண்டு பக்கக் கண்ணாடி, ஆறு பேனல். குமார் கடைக்கே போய், போன்ல என் பேப்பரைக் காட்டி, எங்க அக்கா எல்லாத்தையும் பாத்துத் தேர்ந்தெடுத்தது, இதையே போடுங்கன்னு சொன்னானாம். கீழ வெள்ளைப் பெயிண்ட்டும் அடிச்சாச்சாம். அதுவும் நான் எழுதினதுதான்.

எனக்குத் தெரியாதுன்னு கொஞ்ச நேரத்துல செல்வத்துக்குப் புரிஞ்சுடுச்சு. அப்புறம் மெதுவா, மன்னிச்சுக்குங்க மேடம் என்றார். அவர் மேல என்ன தப்பு.

போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்ப யோசிச்சார், அனுப்பினார். ஆறு பேனல், அழகா, ஒரு சாய்வா. பக்கத்துல குமார் இடுப்புல கை வெச்சு நிக்கறான். மீட்டர் அவன் பேர்ல. அவனுக்கு யார்கிட்டயும் கையெழுத்து கேக்க வேண்டியதில்ல.

நல்ல பேனல். தப்பே சொல்ல முடியாது. அதுதான் தாங்கல.

ஜூன் 16, திங்கள்

கோர்ட்டுக்கு எதிர்ல ஒரு லேடி வக்கீல். கூட வேலை பாக்கற ஜெயந்தி கூட்டிட்டுப் போனா. பத்திரம், வாரிசு சான்றிதழ், மாடி கட்டின ரசீதுங்க, எல்லாம் ஒரு மஞ்சப்பையில.

வக்கீலம்மா படிச்சாங்க. அப்பா உயில் ஏதும் எழுதினாரான்னாங்க. இல்ல. சுயமா சம்பாதிச்சு வாங்கின வீடுதானேன்னாங்க. ஆமா. அப்ப சரிபாதி உங்களுதும்மா, உங்க தம்பி குடுக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல, ஏற்கெனவே உங்களுதுதான் என்றார்கள். ஏதோ சுகர் நார்மல்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாங்க.

நாலு வருஷமா பாதி வீடு என்னுது. நான் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

பாகம் பிரிச்சுக் குடுன்னு நோட்டீஸ் அனுப்பலாம், ஆனா அனுப்பிட்டா உறவு பழையபடி இருக்காது, யோசிச்சுட்டு வாங்க என்றார்கள். வெளிய வந்ததும் ரெண்டு பேரும் கரும்பு ஜூஸ் குடிச்சோம்.

ஜூன் 18, புதன்

யோசிச்சேன். பழையபடின்னா எதுன்னு யோசிச்சேன். ஆப்பிள்.

சாயங்காலம் வக்கீலம்மாகிட்ட போய் நோட்டீஸுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

லீவு. தலைக்குக் குளிச்சேன். ஃபேன் ரெகுலேட்டர் போச்சு, மாத்தணும்.

ஜூன் 23, திங்கள்

காலையில வித்யா போன். எடுக்கல. அத்தை வீட்டுலேர்ந்து போன். எடுக்கல. எட்டு மணிக்கு குமார். எடுத்தேன். நோட்டீஸ் கெடச்சுடுச்சு.

கத்துவான்னு நெனச்சேன். கத்தல. அழற மாதிரி குரல வெச்சுக்கிட்டு, அப்பா இருந்திருந்தா இது நடக்குமான்னான். சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னான். அந்தப் பேனல் விஷயம் உனக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்னான். கடைசியா கேட்டான்.

"ஒரு பேனலுக்காகவா அக்கா இப்படிப் பண்ற?"

"ஆமா குமாரு," என்றேன். "பேனலுக்காகத்தான்."

அவன் இன்னும் என்னென்னமோ பேசிக்கிட்டே இருந்தான். போனை ஸ்பீக்கர்ல போட்டு அடுப்பு மேடையில வெச்சுட்டு, சட்னிக்குத் தேங்காய் துருவினேன்.