நீ நிறுத்தும் இடங்கள்

பரிதி,

பூதலூரில் என் வயலில் நடவு முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சீர்காழிக் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசித்துச் சேர்த்த காசில் நாம் மூவரும் போட்ட ஒரே ஜாஸ் பதிவு, இப்போது உன் தனிப் பியானோ ஆல்பமாக வந்திருக்கிறது. என் டிரம்ஸையும் வேம்புவின் பேஸ் கிதாரையும் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டாய்.

வேம்பு இறந்த பிறகு அவன் மனைவிக்கு அந்தப் பதிவுதான் மிச்சம். உன் ஆல்பத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனில் கேட்டாள்: "அண்ணே, இதுல அவரு வாசிச்சது கேக்கவே இல்லையே?"

"ஸ்பீக்கர் கோளாறா இருக்கும்மா" என்றேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

நன்றாகத்தான் வாசித்திருக்கிறாய். ஆனால் பாட்டுக்கு நடுவே நிறுத்திவிட்டு, நான் டிரம்ஸில் பதில் சொல்வதற்காக என் பக்கம் திரும்புவாயே, அங்கெல்லாம் இன்னமும் நிறுத்துகிறாய்.

யாருக்காகக் காத்திருக்கிறாய்?

உன் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன்