அடுப்படி வயரைக் கழட்டிட்டேன்

பூங்காவனம்,

அடுப்படியில எந்த சுவிட்சையும் தொடாதே. ஃபியூசைப் புடுங்கி அலமாரி மேல வெச்சிருக்கேன். இன்னிக்கு மட்டும் சிம்னி விளக்குல சமாளிச்சுக்கோ.

தறி ஷெட்டுல கழட்டிப் போட்ட பழைய வயரை நம்ம வீட்டுக்கு இழுக்க வேணாம்னு நீ அன்னிக்கே சொன்னே. "உள்ள செம்பு நல்லாதான் இருக்குது, உனக்கு இன்னா தெரியும்?"னு கத்தினேன். காலையில கழட்டிப் பார்த்தா, கை பட்டதும் மேல் ரப்பர் டீக்கடைப் பொறை மாதிரி உதிருது.

செவ்வாக்கிழமை உனக்கு ஷாக் அடிச்சதே பக்கத்து வீட்டு ஜெயம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மூணு நாளா எடது கையாலதான் கொடம் தூக்குது, நீ பாக்கலையா?"ன்னு கேட்டுது. ஒரே வீட்லதான் இருக்கிறோம். நான் பாக்கல. நீயும் எங்கிட்ட சொல்லல.

நான் ஷெட்டுக்குப் போறேன். சாயங்காலம் குடியாத்தம் பஜார்ல புது வயர் வாங்கினு வர்றேன். கஞ்சி காய்ச்சி மூடி வெச்சிருக்கேன், உப்பு கம்மி.

தணிகைவேல்

கை எப்படி இருக்குதுன்னு கேக்கத்தான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ முழிச்சுக்கினுதான் இருந்தே, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினே. சாயங்காலம் என்னைத் திட்டவாவது திட்டு.