விண்ணப்பத்தின் ஏழாவது கட்டம்

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் அப்பாவும் நானும் உடம்பால் சௌக்கியம். மனசாலும் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், பொய் எழுதின தாள்களை இந்த ஒரு மாதத்தில் போதுமான அளவு பார்த்துவிட்டோம், நானும் ஒன்று எழுத வேண்டாம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி இல்லாமல் தூங்குகிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்த உறைக்குள் மூன்று தாள்கள் இருக்கின்றன, கடிதத்தைப் படிக்கும் முன் அவற்றை எடுத்து உன் பாஸ்போர்ட் இருக்கிற பைக்குள் வை. நகல் உனக்கு ஏற்கெனவே போனில் வந்திருக்கும், ஆனால் மறுபரிசீலனை மனுவோடு அசலையும் சேர்த்தால் நல்லது என்று உன் கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள் அல்லவா, அதற்காகத்தான் கூரியர். நான்கு நாளில் வந்துவிடும் என்றார்கள். மனுவுக்குக் கடைசி நாள் இருபத்து நான்கு. நீ இருபதுக்குள் அனுப்பிவிடு, கடைசி நாளை நம்பாதே.

போனில் நீ அழுதபோது நான் ஒன்றும் பேசவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார், நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் நீ, "படிப்பு ஒரு செமஸ்டர் நீளுதும்மா, விசா நீட்டிக்கணும், பரீட்சையும் இருக்கு, ஆராய்ச்சிக் கட்டுரையும் இருக்கு, என்ன செய்றதுன்னே தெரியலை" என்றாய். நான்தான், நீ புத்தகத்தைப் பார், காகிதத்தை நான் பார்க்கிறேன் என்றேன். முதல் தடவை உன்னை அனுப்பிய அதே கன்சல்டன்சிக்கே போனேன். எட்டாவதோடு நின்ற நான் உன் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் போட்டே இங்கிலீஷ் படித்தவள், அந்த விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்தேன். ஆறு கட்டம் சரியாகப் போனது. ஏழாவது கட்டம் மெயில் முகவரி. எனக்கு மெயில் கிடையாது, உன்னுடையதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த ஆபீஸை நடத்துகிறவன், "பிள்ளை பரீட்சைல இருக்கு, எதுக்கும்மா தொந்தரவு? நம்ம ஆபீஸ் மெயிலையே போட்டுக்கலாம், கவலைப்படாதீங்க" என்றான். நான் தலையாட்டிவிட்டேன். கடையில் வாங்கின காயை வீட்டுக்கு வந்து மறுபடியும் நிறுத்துப் பார்க்கிறவள் நான், அன்றைக்குத் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டல் என் கணக்கில் எழுதப்பட வேண்டியது, அதை யார் மேலும் போட மாட்டேன். மீதி முழுக்க அவனுடையது.

அப்பா அவனுக்கு 'கவலைப்படாதீங்க' என்றே பேர் வைத்துவிட்டார், எதைக் கேட்டாலும் அதையே சொல்கிறான் என்று. ஆனாலும் இன்னும் மரியாதையாக, 'கவலைப்படாதீங்க வந்தார், கவலைப்படாதீங்க சொன்னார்' என்றுதான் பேசுகிறார். எனக்கு அந்த மரியாதை போன மாதக் கடைசியிலேயே தீர்ந்துவிட்டது. விசா அலுவலகம் மறுத்து உன் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிய கடிதத்தை நீ படமெடுத்து அனுப்பினாயே, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் நோட்டைத் திறந்தேன். கடிதத்தில் என்ன இருக்கிறது? நாலாம் தேதி உங்கள் மெயிலுக்கு எழுதினோம், படிப்பு எந்தத் தேதி வரை நீள்கிறது என்று கல்லூரியிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் கேட்டோம், இருபத்தொரு நாள் கொடுத்தோம், பதில் இல்லை. ஒரு பக்கம், பாப்பா. நீ மாடியிலிருந்து இறங்கி அலுவலக ஜன்னலில் நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் கையில் கொடுத்திருப்பார்கள். என் நோட்டில் என்ன இருக்கிறது? பால், கேஸ், தண்ணீர் லாரி, அவற்றுக்கு நடுவே அவனிடம் பேசினது எல்லாம் தேதி போட்டு இருக்கிறது. ஐந்தாம் தேதி போனில், "இன்னும் ஒண்ணும் வரலைம்மா." ஒன்பதாம் தேதி நேரில், "வந்தா முதல் போன் உங்களுக்குத்தான்." பதினாறாம் தேதி, "அவங்க மெதுவாத்தான் செய்வாங்க." இருபத்திரண்டாம் தேதி, இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது, அப்போதும், "ஃபைல் நல்லா நகருது, கவலைப்படாதீங்க." அந்த நாலு வரிக்கும் கீழே சிவப்பு மையால் கோடு போட்டேன்.

மறுநாள் போய்க் கேட்டேன். "ஸ்பாம்ல போய் விழுந்திருக்கும்மா, மெஷின் செய்ற வேலைக்கு நான் என்ன பண்ண முடியும்? அப்பீல் போட்டுடலாம், அதுக்குத் தனி ஃபீஸ்" என்றான். சொல்லிக்கொண்டே டீ குடித்தான். வீட்டுக்கு வந்து சாமி முன்னால் நின்றேன். முப்பது வருஷமாகத் தினமும் நிற்கிற இடம், எனக்காக ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். மன்னிக்கிற வேலையை நீயே வைத்துக்கொள், எனக்கு அது வேண்டாம், உட்கார்ந்திருக்கிற தெம்பை மட்டும் கொடு என்றேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நோட்டும் பிரார்த்தனைப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அவன் ஆபீஸ் வாசல் சோபாவில் போய் உட்கார்ந்தேன். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு அம்மா அப்பாவிடமும் ஒரே கேள்வி கேட்டேன், விண்ணப்பத்தில் யாருடைய மெயில் போடுகிறார்கள் என்று பார்த்தீர்களா? அவ்வளவுதான். ஏன் என்று கேட்டவர்களுக்கு மட்டும் நோட்டைக் காட்டினேன். முதல் நாள் இரண்டு குடும்பம் எழுந்து போனது. இரண்டாவது நாள் என் தலைக்கு மேலிருந்த ஃபேனை நிறுத்தினான். புத்தகத்தால் விசிறிக்கொண்டேன். மூன்றாவது நாள் சோபாவையே உள்ளே இழுத்துப் போட்டுவிட்டான். நான்காவது நாள் நம் சமையலறை ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனேன். "போலீஸைக் கூப்பிடுவேன்" என்றான். "கூப்பிடுங்க, அவங்களும் எதுக்கும் தேதி கேப்பாங்க, எங்கிட்ட இருக்கு" என்றேன்.

உடனே அப்பா வேலை செய்கிற இடத்துக்கே அவன் போய், உங்கள் வீட்டம்மாவுக்கு மனநிலை சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அப்பா அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போக வந்தார். உனக்குத் தெரியும், அவர் பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட, "பரவாயில்லைங்க" என்கிற ஆள். வாசலில் நின்றுகொண்டு, "எந்திரிச்சு வாம்மா, நமக்கு எதுக்கு, பாப்பா வேலையைப் பாப்போம்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ ஒரு பையனின் தகப்பனிடம் அவன் பேசுகிற குரல் கேட்டது. "பிள்ளை படிக்கட்டும் சார், எதுக்குத் தொந்தரவு, நம்ம ஆபீஸ் மெயிலையே போட்டுக்கலாம்." எழுத்து மாறாமல் அதே வார்த்தை. அப்பா அப்படியே நின்றார். அப்புறம் முழங்கால் வலியோடு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தகப்பன் வெளியே வந்ததும் என்னை முந்திக்கொண்டு அப்பாவே கேட்டார், "சார், யாரோட மெயில்?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததில்லை, இதை அவரிடம் சொல்லிவிடாதே.

அதற்கு மறுநாள், அங்கே வரவேற்பில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே இருப்பாளே ஒரு பெண், அவள் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். டம்ளருக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். "என் தங்கச்சியும் அடுத்த வருஷம் போறாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உறையில் இருக்கிற முதல் தாள் அதுதான். விசா அலுவலகத்தின் மெயில், நாலாம் தேதி காலையிலேயே திறந்து படித்து, அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, மேலே ஒரு வரி எழுதியிருக்கிறான்: இதற்குப் பதில் போட வேண்டாம், அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம். மெஷின் செய்த வேலையாம். அவன் விரல் செய்த வேலை. உன் இரண்டு வருஷப் படிப்பை ஒரு அப்பீல் ஃபீஸுக்காக நிறுத்தி வைத்திருக்கிறான். அந்தத் தாளைப் படித்த பிறகு எனக்குக் கோபம்கூடக் குறைந்துவிட்டது பாப்பா, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அது இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாவது நாள் அவனே வெளியே வந்து, "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றான். நடந்ததை நடந்தபடி உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். எழுதினான், 'கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தான். கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். 'தவறுதலாக' என்று எழுதினான். நான்காக மடித்த தாளை மேஜையில் வைத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டான், சாமி கொடுத்தது என்றேன். மூன்றாவது தடவை, மெயிலை அன்றே படித்தேன், மாணவிக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கவில்லை என்று ஒழுங்காக எழுதி முத்திரையும் குத்தினான். அது இரண்டாவது தாள். மூன்றாவது என் நோட்டுப் பக்கங்களின் நகல், அதை மொழிபெயர்த்து உன் கல்லூரி அலுவலகத்தில் காட்டு. கையெழுத்துப் போடும்போது அவன், "இனிமே எங்க ஆபீஸ் படி ஏற மாட்டேன்னு உங்க சாமி மேல சத்தியம் பண்ணுங்க" என்றான். பண்ணினேன். சத்தியத்தை நான் மீறமாட்டேன், உனக்குத் தெரியும். படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அவனிடம் போகிற அத்தனை பேரும் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க முதலில் அங்கேதான் நிற்க வேண்டும். கடைக்கார அக்கா எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள், வியாபாரம் கூடியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம், ஏனென்றால் இப்போது எல்லோரும் விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில் தங்கள் மெயிலையே எழுதி, அதையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் மேலே போகிறார்கள். பாதிப் பேர் மேலே போவதே இல்லை.

உன் அத்தை போன் பண்ணி, "பொண்ணைத் திருப்பி அனுப்பறாங்களாமே அண்ணி, போனா போகுது, இங்கயே ஏதாவது பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், அது வேறு பக்கம், அதற்கும் நேரம் வரும். சமையலறைக் குழாய் சொட்டுவதை அப்பா சரி செய்துவிட்டதாகச் சொல்கிறார், இன்னும் சொட்டுகிறது. நீ அவனை மன்னித்துவிடச் சொல்கிறாய். நீ நல்ல மனசோடு இரு, அது உன் வயசுக்கு அழகு. என்னிடம் அதைக் கேட்காதே. உன் மனுவில் ஏழாவது கட்டத்தை நீயே உன் கையால் அடி, யார் என்ன சொன்னாலும் தலையாட்டாதே, நான் சொன்னாலும்தான். காலையும் மாலையும் மெயிலைத் திறந்து பார், அந்த ஸ்பாம் என்கிறார்களே அதற்குள்ளும் பார்.

நல்ல உடம்பும் நல்ல பேரும் நீண்ட ஆயுளும் பெற்று, எடுத்த படிப்பை முடித்துப் பட்டத்தோடு வீட்டுப் படி ஏற வேண்டும் என்று உன் தலையில் கை வைத்ததாக நினைத்து வாழ்த்துகிறேன். தினமும் சாமியிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, உன் விசாத் தாள் வர வேண்டும். இரண்டு, அவன் போர்டு இறங்க வேண்டும். ஏதாவது ஒன்றுதான் தருவேன் என்று சொன்னால் முதலாவதைத் தரட்டும். இரண்டாவதை நானே பார்த்துக்கொள்வேன்.

இருபதாம் தேதிக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா
(அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். 'அன்புடன்' என்று போடச் சொன்னார்.)