கழுத்துக்குத் தோல் போடாத டைனோசர்

என் அருமை மருதமுத்து,

நீ காலமான பிறகு, உன் டைனோசரின் கால்மாட்டில் நின்று நான் நடுங்குவேன் என்று நினைத்திருப்பாயா? போன வாரம் நடுங்கினேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அரியலூர்ப் பள்ளி முற்றத்தில் நீ கடைசியாகச் செய்த சிலைக்கு மறுநாள் திறப்பு விழா. பள்ளி நிர்வாகி வந்து அண்ணாந்து பார்த்தார். உடம்பு, கால், வால் எல்லாம் செதில் செதிலாகத் தோல். கழுத்தும் தலையும் மட்டும் மொழுமொழுவென்று வெறும் சிமெண்ட்.

"பாதியில விட்டுட்டுப் போயிட்டாரே, சார். முடிக்காத ஆளு பேரக் கல்வெட்டுல எப்படிப் போடுறது?" என்றார்.

உன் மகள் தேன்மொழியின் முகம் சுருங்கிவிட்டது. குன்னத்திலிருந்து உன் பூச்சுக் கரண்டியோடுதான் வந்திருந்தாள். "நானே முடிச்சுக் குடுக்கறேங்க. அப்பா பேரு இருக்கணும்" என்று கலவை குழைக்க உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவளைத் தடுக்கப் போனேன். இங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அந்த டைனோசருக்குக் கிடைத்தவை தொடை எலும்பும், முதுகுத் துண்டுகளும், வாலும்தானே? கழுத்தும் தலையும் கிடைக்கவே இல்லை. கோபுரத்துக்குச் சுதைச் சிற்பம் செய்த நீ, எலும்பை அளந்து உருவம் செய்ய வந்த புதிதில் டீக்கடையில் சொன்னாய்: "யாளிக்கு எலும்பு கேக்க ஆளில்ல, வாத்தியாரே. இதுக்குக் கேப்பாங்க. கெடைக்காத எலும்பு மேல தோலப் போத்துனா அது பொய்."

அதை அவளிடம் சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல உதாரணமும் சொன்னேன். ரஞ்சன்குடிக் கோட்டையில் இடிந்த சுவரைப் புதுக் கல் வைத்துக் கட்டினால், எது பழசு, எது புதுசு என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

அவள் நிமிரவே இல்லை. "கடைசில அப்பாவுக்குக் கை நடுங்குச்சு, பெரியப்பா. முடியாமத்தான் விட்டாரு. நீங்க அவருக்கு நல்ல பேரு தேடுறீங்க."

என்னிடம் சொன்னதை அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா, மருதமுத்து?

சாரத்தில் ஏறினாள். கழுத்தில் தண்ணீர் தெளித்து முதல் கலவையை அடித்தாள். இனி உன் வேலை எது, அவள் வேலை எது என்று யாராலும் பிரித்தறிய முடியாது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொத்தென்று என் காலடியில் விழுந்தது. மறுபடி அடித்தாள். அதுவும் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"சிமெண்ட் பத்தல போலருக்கும்மா" என்றார் நிர்வாகி.

"அதெல்லாம் இல்லீங்க. சரியாத்தான் போட்டிருக்கேன்." கரண்டியை வைத்துவிட்டு, உள்ளங்கையால் கழுத்தைத் தடவிக்கொண்டே தாடைவரை போனாள். அங்கேயே கை நின்றது.

"பெரியப்பா, இங்க கூழாங்கல்லு வச்சு இழைச்சிருக்காரு." "மேல பூசுறதா இருந்தா கம்பியால கீறி விட்டிருப்பாரு, அப்பத்தான் கலவ பிடிக்கும். மொதல்ல எனக்குக் கத்துக் குடுத்ததே அதத்தான். இழைச்சா வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

நடுங்கிய கையால் அவ்வளவு உயரத்தில் எப்படி இழைத்தாய்?

"அப்ப தலைக்குத் தோலே கெடையாதா?" நிர்வாகிக்கு எரிச்சல்.

"தல இன்னும் மண்ணுக்குள்ள இருக்குங்க. எடுத்துக் குடுங்க, தோல் போடுறேன்" என்றாள், இறங்கிக்கொண்டே. "இது முடிஞ்ச வேல. பேரு போடுங்க."

அவர் இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு கல்வெட்டுக்காரருக்குப் போன் போட்டார். உன் பெயர் அதில் இருக்கிறது. சிந்திய கலவையை நான்தான் கழுவிவிட்டேன்.

என்றாவது அந்தக் கழுத்தெலும்பு வெளியே வந்தால், தேன்மொழியை முதல் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போவேன். நீ இழைத்ததை அவளே கீறித் தோல் போடட்டும். கீழே சாரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். அதுவரை வேறொரு கை அதன்மேல் படாது.

உனக்கு வாத்தியார், உன் மகளுக்குப் பெரியப்பா,
சிகாமணி