நாலு கிலோ

இன்று காலை தராசைத் துடைத்தபோது தட்டிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. போடியில் இருந்த நம் ஏலக்காய்க் கடையைக் கொடுத்து மூன்று வருசமாகிறது. அங்கிருந்து இதை மட்டும்தான் பழனிசெட்டிபட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். நாளைக்கு மலைமேல் சபைக் கன்வென்ஷன், உங்களோடு ஒவ்வொரு தை மாதமும் போன அதே மூன்று நாள் கூட்டம். பையை எடை போட வேண்டுமே. நீங்கள் செத்த பிறகும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

இரண்டு பேருக்கு ஒரே பை, நாலு கிலோ. அதுதான் உங்கள் சட்டம். ஏலக்காய் நிறுக்கும் தராசில் என் துணிமணியையும் வைப்பீர்கள். சிவப்பு முள் நாலைத் தாண்டினால், "கூட்டத்துக்குப் போறமா, குடி போறமா?" என்பீர்கள். இதனால் சபையில் உங்களுக்கு எத்தனை நல்ல பேர். "நம்ம அண்ணன் ஒத்தப் பையோடதான் வருவாக, அம்புட்டு எளிமை" என்று போதகர் மேடையிலேயே சொன்னார். நீங்கள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பையைச் சுமந்து வந்தவள் நான் என்று சொல்லத் தோன்றவில்லை உங்களுக்கு.

கல்யாணமான முதல் வருசம் முள் நாலரை காட்டியது. ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்க, பையைக் கவிழ்த்தீர்கள். மாற்றுச் சேலை, எண்ணெய்க் குப்பி, கடைசியில் பழைய சேலையைக் கிழித்து நான் மடித்துவைத்திருந்த துணிகள். அதைத் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் எதுக்கு? மூணு நாள்ல என்ன வந்துரப் போகுது?" என்றீர்கள். அந்தப் பெண்கள் நிமிரவே இல்லை. துணிகள் கடையிலேயே கிடந்தன.

இரண்டாம் நாளே வந்துவிட்டது. பந்தலில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், ஜமுக்காளத்தைவிட்டு எழுந்திருக்க முடியாமல், அன்பைப் பற்றிய செய்தி முழுவதையும் கேட்டேன். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. நீங்கள் வந்து, "என்ன, உபவாசமா?" என்று சிரித்தீர்கள். அன்றைக்கு உங்களை வெறுத்தேன். அதற்கப்புறம் அதை நிறுத்த எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

முப்பது வருசம் கழித்து, நாம் கடைசியாகப் போன கூட்டம். உங்களுக்கு இளைப்பு வந்திருந்தது, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவீர்கள். தராசு மட்டும் மாறவில்லை. நாலு கிலோ நானூறு காட்டியது. "எதையாச்சும் எடு" என்றீர்கள். உங்களுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்தேன். நீங்கள் பையைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தீர்கள். "ஆங், இப்பச் சரி."

ஸ்வெட்டரை வைக்க மறந்துபோச்சு என்று பிற்பாடு மகளிடம் சொன்னது பொய். தெரிந்துதான் எடுத்தேன்.

மலையில் மறுநாள் மத்தியானமே பனி இறங்கிவிட்டது. பந்தல் ஓரமாக வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்வெட்டர் எங்கன இருக்கு?" என்றீர்கள்.

"எடை கூடிப் போச்சுங்க. எடுத்துட்டேன்."

என் தோளில் சால்வை கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இறங்கி வந்த நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டி, தேனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்துப் பெரிய பையாகக் கட்டினேன். அதைப் பார்த்து, இளைப்போடு, "எத்தன கிலோ?" என்று கேட்டீர்கள். எடை போடவில்லை என்றேன். நீங்கள் என்னிடம் பேசியதில் கடைசி அதுதான். ஆஸ்பத்திரியில் ஸ்வெட்டரை எடுத்துப் போர்த்தினேன். காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்த நீங்கள் அதைத் தள்ளிவிட்டீர்கள். நுரையீரல் முன்னமே கெட்டுப்போயிருந்தது, குளிரால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீங்களும் என்னிடம் கேட்டதில்லை.

வேதாகமம், விரிப்பு, துண்டு, இரண்டு சேலை, மாத்திரை, சால்வை, உங்கள் ஸ்வெட்டர். நான் அதைப் போட்டுக்கொள்வதில்லை. வருசா வருசம் மடித்தபடி மலையேறி மடித்தபடி இறங்குகிறது. இந்தத் தடவை நாலு கிலோ முன்னூறு காட்டியது. வாசலில் நின்ற மகள், "ஒத்தையாத்தானம்மா போற. அப்பா ஸ்வெட்டர இங்கயே வச்சுட்டுப் போயேன்" என்றாள்.

நான் பையிலிருந்து சால்வையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.