கை விடச் சொன்ன போர்டு

பூண்டுலோயா

அன்பு மகன் தர்ஷனுக்கு, அம்மாவும் அப்பாவும் தங்கச்சி வினோதாவும் நல்ல சுகம், கத்தாரில் நீயும் அப்படியே திடமாக இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். இங்கே ஒரே மழை, அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. இங்கே ஒரு சங்கதி நடந்தது, அதைப் போனில் சொல்ல நினைத்தால் சிரிப்பு வந்து பேசவிடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினுக்கு மேலே புது எச்சரிக்கை போர்டு மாட்டினார்கள். தமிழில் ‘கை விடாதீர்கள்’ என்று வரவேண்டியதை அடித்தவன் ‘கை விடுங்கள்’ என்று அடித்துவிட்டான். கூரையோரம் மாட்டியிருந்ததால் நாங்கள் ஒருத்தியும் அண்ணாந்து பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் புதிதாக வேலைக்கு வந்த கிருஷாந்தி ஒழுங்காக வாசித்திருக்கிறாள். நான் சுவிட்சைப் போடப் போகிறேன், இவள் ரோலர் வாயில் கையை நீட்டிக்கொண்டு, “எந்தக் கைய விடணும்க்கா, சோத்தாங்கையா, பீச்சாங்கையா?” என்று கேட்கிறாள்! எனக்கு உயிரே போய்விட்டது. இழுத்து நிறுத்தித் திட்டப் போனால், போர்டைக் காட்டினாள். வாசித்தேன். வந்த அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஸ்டோர் பெரியவர், டீமேக்கர் ஜனகன் ஐயா, அதை வாசித்து வெளிறிப்போய், “எழுத்தே வேணாம், படம் போதும்” என்று என் கையை அட்டையில் வைத்து வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். போட்டவர் அதையும் கூரையோரமே மாட்டப் போனார். நம்ம அம்மாக்கண்ணு அக்கா விடுவாளா, “ஐயா, உங்க ஒயரத்துக்கு இங்க யாருமில்லீங்க” என்றாள். அவர் முழங்காலை மடக்கி எங்கள் உயரத்துக்கு வந்து, கண் எங்கே விழுகிறது என்று வாத்து மாதிரி அறை முழுக்க நடந்தார், மகன், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்! கடைசியில் சுவிட்சுக்கு நேர் மேலே மாட்டினார். அந்த நடையில்தான் வெளியேறும் வழி போர்டு சாக்கு மூட்டைக்குப் பின்னால் கிடப்பதும் தெரிந்தது. மூட்டையை அப்போதே நகர்த்தச் சொன்னார்.

இப்போது அதே கைப் படத்தைத் தகரத்தில் அடித்து மாட்டியாகிவிட்டது. அப்பா வந்து பார்த்து, “ரெண்டு வளையலும் வரைஞ்சிருக்கலாமே” என்கிறார். ஸ்டோரே ‘வீரம்மா கை’ என்றுதான் சொல்கிறது, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் வேலையிடத்திலும் போர்டெல்லாம் அரபியில் இருக்குமே, குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு போகாதே, யாரையாவது கேள். கேட்க வெட்கப்படாதே மகன். கிருஷாந்தி கேட்டதால்தான் இன்றைக்கு ஒரு கையால் தன் பிள்ளையை அணைத்து, மறு கையால் சோறு ஊட்டுகிறாள்.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் எடு.

உன் அம்மா,
வீரம்மா