வரப்பில் விழுந்த கல்

மார்ச் 4

என் செல்லத் தம்பிக்கு,

நீயாக எழுத மாட்டாய். வெட்கம் கெட்ட அக்கா எழுதுகிறேன். நேற்று மத்தியானம் வானத்திலிருந்து ஒரு கல் இடி மாதிரி இறங்கி, நமக்கும் பக்கத்து வயல்காரனுக்கும் நடுவில் வரப்பிலேயே விழுந்தது. "என் வரப்பு, என் கல்லு"ன்னு அவன் உன் அத்தானின் சட்டையைப் பிடித்தான். இவர் விட்ட அறையில் அவன் பல் தெறித்தது. சனியனை அவனிடமே கொடுத்துத் தொலைக்கவா? கல் ஆராய்ச்சிக்காரன் நீ சொல்.

உன் அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

கொடுத்துவிடாதே! எங்கள் அருங்காட்சியகத்தில் விண்கல்லுக்கென்று அறை திறந்து, உள்ளே வைக்க ஒரு கல்கூட இல்லாமல் மானம் போகிறது. நான் வரும்வரை அத்தானைக் காவல் இருக்கச் சொல். அவருக்குத் தெரியாத சண்டையா!

தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

அத்தான் காரியத்துக்கு வந்த நீ என்ன நடந்தது என்றே கேட்கவில்லை. உன் பேச்சைக் கேட்டு அவர் கல் பக்கத்திலேயே கிடந்தார். அவன் அவரைக் கீழே தள்ளி, "இந்தா, நீயே வச்சுக்கடா!"ன்னு அந்தக் கல்லையே தூக்கித் தலையில் போட்டான். திரும்பத் திரும்பப் போட்டான். நான் ஓடி வருவதற்குள் முகமே இல்லை.

கால் தடுக்கி அவரே கல்லில் விழுந்தார் என்கிறான் பாவி. "விழுந்தா ஒரு பக்கந்தாம்மா ரத்தம் படும், இதுல எல்லாப் பக்கமும் இருக்கு" என்கிறார் இன்ஸ்பெக்டர். என்ன கல் என்று சான்றிதழ் கேட்டு உன்னிடம்தான் அனுப்புகிறார். பத்திரம்டா. அவன் தூக்கில் தொங்கினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

அக்கா

ஏப்ரல் 12

அன்பு அக்காவுக்கு,

எப்படிச் சொல்வேன். வருகிற கல்லைக் கழுவி, நடுவில் அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைப்பது எங்கள் வழக்கம். துக்கத்தில் புத்தி வேலை செய்யவில்லை, கை செய்துவிட்டது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கோடுகள், அப்படியோர் அழகு அக்கா! அதுதான் எங்கள் முதல் கல். அந்த அறைக்கு அத்தான் பெயரையே வைத்திருக்கிறேன். மன்னிப்பாயா?

தம்பி

ஜூன் 20

அருங்காட்சியக அதிகாரிக்கு,

நேற்று அவனை விட்டுவிட்டார்கள். கோர்ட் வாசலில், "உன் தம்பிக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு" என்று சிரித்தான். இன்று காலை குனிந்து மடை திறந்துகொண்டிருந்தான். மண்வெட்டியால் கழுத்தில் வெட்டினேன். விழுந்தும் முனகினான், முனகல் நிற்கும்வரை வெட்டினேன். மண்வெட்டியை அப்படியே கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தேன். ஜாமீன், வக்கீல் என்று இங்கே வந்து நிற்காதே. உன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. அந்த அறையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடு.

இப்படிக்கு,
அவர் மனைவி